முப்பது மில்லி ஆம்பியர்

ஷோபனாவும் இளஞ்செழியனும் பூதலூரில் அந்த வீட்டுக்குக் குடிவந்தது ஐப்பசி மாதத்தில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை வேளையில். இளஞ்செழியனுக்கு வேளாண்மை அலுவலகத்தில் மாற்றல். ஷோபனா தஞ்சாவூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறாள். ரயிலில் போய்வர வசதி என்று இந்த ஊரைப் பிடித்திருந்தார்கள். தெருவின் கடைசி வீடு. பின்பக்கம் சம்பா நட்ட வயல், அதைத் தாண்டிப் புது ஆறு.

வீட்டின் சொந்தக்காரர் தியாகராசன் குவைத்தில் இருந்தார். அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழும் பஞ்சநதம்தான் வீட்டையும் பார்த்துக்கொண்டார். சாவியைக் கொடுக்க வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே கையை நீட்டி ஹாலைக் காட்டினார்.

"எல்லாம் நீங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம் டீச்சரம்மா. அந்தத் தொட்டிய மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. மீனுக்குத் தீனி போடணும். பொழுது சாஞ்சா அதுக்கு விளக்கு ஏத்தி விடணும். அவ்வளவுதான்."

ஹாலின் சுவரோரம், இரும்பு ஸ்டாண்டின் மேல், ஒரு பெஞ்சு நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி இருந்தது. மேலே தகர மூடி. மூடிக்குள் டியூப் லைட். ஒரு மூலையில் காற்றுக் குமிழ்கள் ஓயாமல் கொப்பளித்தன. செம்பொன் நிறத்தில் ஏழெட்டு மீன்கள் சோம்பலாகத் திரிந்தன.

"உள்ள வாங்களேன், தண்ணி சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் ஷோபனா.

"இருக்கட்டும்மா. கால்ல சேறு" என்றார் பஞ்சநதம். அவர் காலில் சேறு ஒன்றும் இல்லை.

அன்று மாலை ஷோபனாவே தொட்டி விளக்கைப் போட்டாள். தண்ணீர் நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது. ஹாலுக்கே ஒரு அழகு வந்துவிட்டது போல இருந்தது. "என்னங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

டப்.

வீடு முழுக்க இருண்டது.

இளஞ்செழியன் கைபேசி வெளிச்சத்தில் போய்ப் பார்த்தான். ஹாலை ஒட்டிய நடையில் இருந்த போர்டில் ஆர்சிசிபியின் விசை கீழே விழுந்திருந்தது. மின்சாரம் எங்காவது கசிந்தால் தானாகவே வீட்டின் இணைப்பைத் துண்டித்துவிடும் சாதனம். தூக்கிவிட்டதும் விளக்குகள் எரிந்தன. தொட்டி விளக்கைப் போட்டான். கொஞ்ச நேரம் எரிந்தது. மறுபடியும் டப்.

"மழை ஈரம். எங்கயோ கசியுது" என்றான். "இன்னிக்கு அதைப் போடாத."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். பகலில் போட்டால் எரிந்துகொண்டே இருந்தது. அந்தி சாய்ந்து, வயல் பக்கம் தவளைகள் கத்தத் தொடங்கும் நேரத்தில் போட்டால் மட்டும், சற்று நேரம் எரிந்துவிட்டு விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் குவைத்திலிருந்து வீடியோ அழைப்பும் வரும்.

தியாகராசனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணாடி போட்ட, களைத்த முகம். பின்னால் இரண்டடுக்குக் கட்டில் தெரியும். "சிரமம் குடுக்குறேன் தங்கச்சி. மீனை மட்டும் கொஞ்சம் காட்டுங்க" என்பார். ஷோபனா கேமராவைத் திருப்பித் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் பேசமாட்டார். அவர் மூச்சு மட்டும் கேட்கும். விளக்கு விழுந்ததும் தாழ்ந்த குரலில் ஒரு சொல் சொல்வார்.

"போயிட்டா."

அது சரியாகக் காதில் விழாமல், கரண்ட் போய்விட்டது என்கிறார் போல என்று ஷோபனா நினைத்துக்கொண்டாள். தனியாக இருக்கிற மனிதர், மனைவி விஜயலட்சுமியும் இறந்துவிட்டாளாம், சொந்த வீட்டை இப்படியாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று இரக்கமாக இருந்தது.

மீன்களைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. விளக்கு விழுவதற்குச் சற்று முன்னால் அவை எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டன. தொட்டியின் நடுவில் தண்ணீர் வெறுமையாக நின்றது. ஒரு முறை, ஒரு சின்ன மீன் மட்டும் திரும்பி வந்தது. நடுவில் எதையோ சுற்றிக்கொண்டு போவது போல வளைந்து, வளைந்து நீந்தி மறுபக்கம் போனது.

அங்கே சுற்றிக்கொண்டு போக ஒன்றும் இல்லை.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் துறையில் இருந்த ஃபஹ்மிதா அவளுக்கு நெருங்கிய தோழி. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "இது ஒரு பிரச்சினையா? சனிக்கிழமை வரேன். பிரியாணி வேண்டாம், நல்ல காபி போட்டுக் குடு போதும்."

சொன்னபடி மதியமே ஒரு பை நிறைய மீட்டர்களோடு வந்துவிட்டாள். தொட்டி விளக்கைக் கழற்றிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இதைப் பாரு. தகர மூடி, உள்ள பழைய சோக்கு, தண்ணி ஆவி பட்டுப் பட்டு ஒயர் தோலெல்லாம் வெடிச்சிருக்கு. பிளக்குல மூணாவது பின்னையே வெட்டி எடுத்திருக்காங்க. எர்த்தே கிடையாது. இதுல ஒருத்தர் ஈரக்காலோட நின்னுக்கிட்டுத் தண்ணிக்குள்ள கைய விட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"அதான் அந்தப் பெட்டி இருக்கே?"

"அது இருக்கறதாலதான் நீ இருக்க. அதுகூடப் புதுசா இருக்கு, பின்னால வச்ச மாதிரி தெரியுது" என்றாள் ஃபஹ்மிதா. "அது என்ன பண்ணுதுன்னா, வீட்டுக்குள்ள போற கரண்ட்டையும் திரும்பி வர்ற கரண்ட்டையும் ஒத்துப் பாக்குது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். குறைஞ்சா, நடுவுல எங்கயோ மண்ணுக்கு இறங்குதுன்னு அர்த்தம். முப்பது மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே விழுந்துடும். அதுக்கு மேல போனா மனுஷ உடம்பு தாங்காது."

"மண்ணுக்கு எப்படி இறங்கும்?"

"ஈரச்சுவர் வழியா இறங்கலாம். இத்துப்போன ஒயர் வழியா இறங்கலாம். இல்லன்னா தொட்டுக்கிட்டு நிக்கிற ஆள் வழியா."

அவள் அரைகுறையாக விடுகிறவள் அல்ல. இளஞ்செழியனைக் கடைக்கு அனுப்பிப் புது எல்இடி விளக்கு வாங்கி வரச் செய்தாள். புது ஒயர், மூன்று பின் உள்ள பிளக். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் போய்விடாமல், சொருகும் இடத்துக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்து விட்டாள். சாதனத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். உடனே விழுந்தது. "இது நல்லா வேலை செய்யுது" என்றாள். சுவரையும் ஒயர்களையும் சோதித்தாள். கசிவு எங்கேயும் இல்லை.

"முடிஞ்சது. இனிமே விழாது."

அந்தி சாய்ந்தது. தவளைகள் கத்தத் தொடங்கின. ஃபஹ்மிதா விளக்கின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வி, கசிவை மட்டும் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டினாள். மூவருமாக ஹாலின் இந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஷோபனா காபி டம்ளரைக் கையில் வைத்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. மீட்டரில் பூஜ்யம்.

"பாத்தியா?" என்றாள் ஃபஹ்மிதா.

மீன்கள் ஒரே நேரத்தில் மூலைக்கு ஓடின.

மீட்டரில் எண் மாறியது. நான்கு. ஒன்பது.

"இது எப்படி..." ஃபஹ்மிதாவின் குரல் இறங்கியது.

பதினைந்து. பத்தொன்பது. தண்ணீரின் மேற்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் சின்ன வளையம் ஒன்று தோன்றியது. தண்ணீருக்குள் எதையோ மெதுவாக இறக்கினால் வருமே, அந்த மாதிரி. பாசியும் பழைய தகரமும் கலந்த நாற்றத்தோடு இன்னொரு வாடையும் எழுந்தது. மயிர் கருகும் வாடை.

இருபத்தாறு. முப்பது.

டப்.

இளஞ்செழியன்தான் கைபேசி விளக்கைப் போட்டான். வெளிச்சம் தரையில் விழுந்தது.

தொட்டியின் முன்னால், காய்ந்த மொசைக் தரையில், இரண்டு பாதங்களின் ஈரத்தடம். விரல்கள் தொட்டியைப் பார்த்திருந்தன. பெண்ணின் பாதங்கள். சிறியவை.

"யாராவது இப்ப அங்க போய் நின்னீங்களா?" என்று கிசுகிசுத்தாள் ஃபஹ்மிதா.

யாரும் நகரவே இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

கிளம்பும்போது அவள் ஷோபனாவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினாள். "எனக்குத் தெரிஞ்ச படிப்புல இதுக்குப் பதில் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். விளக்கு, ஒயர், சுவர், எதுலயும் கோளாறு இல்ல. அந்தப் பெட்டி பொய் சொல்லாது. தினமும் அந்த நேரத்துக்கு யாரோ ஒருத்தர் உடம்பு வழியா கரண்ட் இறங்குது. இனிமே அந்த விளக்கைப் போடாத. அந்தப் பெட்டியையும் எக்காரணம் கொண்டும் எடுக்காத." படியிறங்கியவள் நின்று திரும்பினாள். "பசங்களுக்குச் சொல்றதைத்தான் உனக்கும் சொல்றேன். யாராவது ஷாக் அடிச்சு நின்னா, பதறிப்போய்த் தொட்டுடாத. மெயினை அமத்து. தொட்டா நீயும் சேர்ந்து நிப்ப."

அன்று ராத்திரியே இளஞ்செழியன் தியாகராசனுக்குப் போன் செய்து, இனி விளக்குப் போட முடியாது என்று சொன்னான்.

"தம்பி, அந்தப் பெட்டிதானே விழுது? பஞ்சநதத்தை விட்டு அதை எடுத்துட்டு டைரக்டா குடுக்கச் சொல்றேன். வாங்கி வச்சவனே நான்தான். தெரியாத்தனமா வச்சிட்டேன்."

"சார், உயிரோட விளையாடுற விஷயம் இது. கை வைக்காதீங்க."

"ஒரே ஒரு தரம் தம்பி. விழாம எரியட்டும். ஒரே ஒரு தரம்."

இளஞ்செழியன் இணைப்பைத் துண்டித்தான். "வேற வீடு பாத்துடலாம் ஷோபனா. கார்த்திகை போகட்டும்" என்றான்.

அதன் பிறகு அந்தி வேளைகளில் தொட்டி இருட்டாகவே கிடந்தது. குவைத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவர்கள் எடுக்கவில்லை. இருட்டில் ஷோபனா ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம், தொட்டிப் பக்கம் ஒருத்தர் பொறுமையாகக் காத்து நிற்பது போல முதுகு சிலிர்க்கும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக விடாத மழை. பயிரெல்லாம் தண்ணீருக்குள் போய்விட, சேதக் கணக்கெடுக்க இளஞ்செழியனைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஷோபனா ரயிலை விட்டு இறங்கி, குடையோடு தனியாக வீட்டுக்கு நடந்தாள். தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. வானம் கறுத்து, அந்திக்கு முன்னாலேயே இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.

நீலமும் வெள்ளையுமான வெளிச்சம்.

பூட்டு அவள் பூட்டியபடியே தொங்கியது. இன்னொரு சாவி பஞ்சநதத்திடம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செருப்பையும் குடையையும் வாசலில் விட்டுவிட்டு, கோபத்தோடு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விழவில்லை. நடையில் இருந்த போர்டைப் பார்த்தாள். ஆர்சிசிபி இருந்த இடத்தில் ஓட்டை. இரண்டு கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

கைபேசி ஒலித்தது. தியாகராசன்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? ஆள் இல்லாத வீட்டுல புகுந்து..."

"அம்மா, தங்கச்சி, அப்புறம் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க." அவர் முகம் வியர்த்திருந்தது. "கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

அந்தக் குரலுக்கு அவள் கை தானாகத் திரும்பிவிட்டது.

நேரில் பார்த்தால் தொட்டிதான் இருந்தது. மீன்கள் மூலையில் குவிந்திருந்தன.

திரையில் ஒரு பெண் நின்றாள்.

பச்சைக் கைத்தறிச் சேலை. பின்னி முடிந்த தலை. முதுகு இந்தப் பக்கம். வலது கை முழங்கை வரை தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கண்ணாடி துடைக்கும் ஸ்பாஞ்சு விரல்களுக்கிடையில் நசுங்கியிருந்தது. உடம்பு முழுக்க ஒரே நடுக்கம். சிலந்தி வலை காற்றில் துடிப்பது போல, நிற்காமல், சத்தமில்லாமல்.

"விஜி" என்றார் தியாகராசன். "விஜி... விஜிம்மா..."

ஷோபனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

இப்போது நேரிலும் தெரிந்தது.

முதலில் தரை ஈரம். பிறகு பாதங்கள். பிறகு சேலையின் பச்சை, தண்ணீரில் கரைந்த சாயம் போல மங்கலாக வந்து, கெட்டியானது. பற்கள் கிட்டித்துக்கொண்டு அரைபடும் ஓசை கேட்டது. மயிர் கருகும் வாடை ஹாலை நிறைத்தது.

அந்தத் தலை திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ நெம்பித் திருப்புவது போல.

விஜயலட்சுமிக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம். பயமுறுத்தும் முகம் இல்லை. அடுத்த வீட்டில் பார்க்கும் முகம். கண்கள் மட்டும் அகலத் திறந்து, ஷோபனாவை விடாமல் பிடித்துக்கொண்டன. செத்துப்போனவளின் கண்கள் போல அவை இல்லை. செத்துக்கொண்டிருப்பவளின் கண்கள்.

இடது கை எழுந்தது. ஷோபனாவை நோக்கி நீண்டது.

பிடி.

உதடு அசையவில்லை. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

ஷோபனா ஓரடி முன்னால் வைத்தாள். அப்போது அவளுக்குப் பயம் இல்லை. கண்ணெதிரே ஒரு உயிர் துடிக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறோம், பிடித்து இழுத்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. அவள் கையும் நீண்டுவிட்டது. விரல்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. விரல் நுனிகளில் சுரீர் என்று எறும்பு ஊர்ந்தது.

பாதத்தின் கீழே ஜில்லென்று ஏதோ பட்டது.

தண்ணீர். தரையில் பரவி வந்த தண்ணீர். அவள் வெறுங்காலோடு அதில் நின்றாள்.

தொட்டா நீயும் சேர்ந்து நிப்ப.

கையை இழுத்துக்கொண்டாள். இனி மெயின்தான். நடையில் இருக்கும் போர்டுக்குப் போக அந்தப் பெண்ணை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே, மீட்டர் பெட்டிக்குள் இன்னொரு மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதற்குப் போவதென்றால் இவளுக்கு முதுகைக் காட்டிவிட்டு ஓட வேண்டும்.

"இருங்க" என்றாள் ஷோபனா. "விட்டுட்டுப் போகல. இருங்க."

கைபேசியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். பின்னாலிருந்து, கிட்டித்த பற்களுக்கிடையிலிருந்து, ஒரு முனகல் நீண்டுகொண்டே வந்தது. கைவிடப்பட்ட ஒருத்தியின் முனகல். வாசலில் ரப்பர் செருப்பில் காலை நுழைத்தாள். மழை முகத்தில் அறைந்தது. மீட்டர் பெட்டியின் இரும்புக் கதவு நனைந்திருந்தது. கையால் தொடாமல், குடையின் பிளாஸ்டிக் பிடியைக் கொடுத்துக் கதவை நெம்பினாள். குடைப்பிடியைச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள்.

சுவிட்ச் இறங்கியது. வீடு இருண்டது.

முனகல் நின்றது.

உள்ளே யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள். வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்தவர் விடுவது போல நீளமான மூச்சு. பிறகு தண்ணீரிலிருந்து கை வெளியே வரும் சலசலப்பு. சொட்டு. சொட்டு. ஈரப்பாதங்கள் மொசைக் தரையில் நடந்து வந்தன. தளர்ந்த நடை. வாசல்வரை வந்தன.

ஷோபனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கு நேராக வந்ததும் அந்த நடை நின்றது. அங்கே யாரும் தெரியவில்லை. மழைத் தாரைகள் மட்டும் ஓரிடத்தில் தரைக்கு வராமல், ஆள் உயரத்தில் எதன்மேலோ பட்டுச் சிதறின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மழை மறுபடியும் நேராகப் பெய்தது.

உள்ளே கிடந்த கைபேசியிலிருந்து அழுகுரல் வந்தது. ஷோபனா போய் எடுத்தாள்.

"ஏம்மா அமத்துனீங்க?" தியாகராசன் சின்னப் பிள்ளை போல அழுதார். "பாத்துக்கிட்டு இருந்தேனே. இன்னிக்குத்தாம்மா திரும்பிப் பாத்தா."

"என்ன நடந்துச்சு சார் அவங்களுக்கு?"

அவர் சொன்னார். அன்றைக்கும் இப்படித்தான் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்களாம். போனை டீப்பாயில் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே விஜயலட்சுமி தொட்டியைத் துடைத்திருக்கிறாள். பேச்சு பாதியில் நின்றுபோனது. நெட் சரியில்லை, படம் உறைந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். பின்னால் குமிழ்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்திருக்கிறது. கத்தியிருக்கிறார். பஞ்சநதத்துக்கு இன்னொரு போனில் அடித்திருக்கிறார். அவர் வயலில் இருந்தார்.

"பாத்துக்கிட்டே இருந்தேம்மா. அங்கேருந்து என்னால வேற என்ன பண்ண முடியும்? பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஊருக்கு வந்தப்ப ஒரு நாள் விளக்குப் போட்டேன். வந்தா. அந்தப் பெட்டிதான் அவளை நிக்க விடல."

ஷோபனாவுக்குக் கோபம் வரவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே" என்றாள். "அவங்க உங்களைப் பாக்க வரல. விளக்குப் போடுறப்பல்லாம் இழுத்துட்டு வர்றீங்க. ஒவ்வொரு தரமும் அவங்க மறுபடி சாவுறாங்க. அந்தப் பெட்டி அவங்களை விரட்டல. காப்பாத்தி அனுப்பிச்சிட்டு இருந்துச்சு."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தொட்டிய எடுத்துடுங்கம்மா" என்றார் கடைசியில்.

மறுநாள் பஞ்சநதம் வந்து வாசலில் நின்றார். "போன்ல அழுதாரும்மா. மனசு கேக்கல. என் மேலதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். தொட்டியைக் காலி செய்யும்போது முதல் முறையாகத் தயங்காமல் ஹாலுக்குள் வந்து ஒரு கை பிடித்தார். மீன்களை ஃபஹ்மிதா கல்லூரிக்குக் கொண்டுபோனாள். புது ஆர்சிசிபி வைத்தாள். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் கம்பி இறக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நாள்கூட அந்த டப் என்ற சத்தம் கேட்கவில்லை. வேறு வீடு பார்க்கும் பேச்சும் நின்றுபோனது. ஹாலில், தொட்டி இருந்த இடத்தில் இளஞ்செழியன் புத்தக அலமாரி போட்டான்.

தை பிறந்து அறுப்பு முடிந்த சமயம், வலங்கைமானில் இளஞ்செழியனின் சித்தி அமிர்தம் வீட்டில் காது குத்து. நல்ல வெயில். பந்தல் நிறையச் சனம். கொல்லையில் பெண்கள் கூடி வேலை செய்தார்கள். ஷோபனா இட்லிக்கு அரிசி களைந்துவிட்டு, ஈரக்கையோடு, ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு, கிரைண்டரின் மூடியைத் திறக்கக் கையை நீட்டினாள்.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பெண்கள் எல்லாம் எட்டத்தில், அடுப்பண்டை இருந்தார்கள்.

மணிக்கட்டில் விரல்கள் இருந்தன. ஜில்லென்ற, ஈரமான விரல்கள். கிரைண்டரின் எவர்சில்வர் உடம்புக்கும் அவள் விரல் நுனிக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளியில், அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தன.

"என்ன ஷோபனா, நின்னுட்ட?" அமிர்தம் சித்தி வந்தாள்.

"சித்தி, கிட்ட வராதீங்க. அதைத் தொடாதீங்க." ஷோபனா கிரைண்டரைக் கண்ணால் காட்டினாள். "டெஸ்டர் இருக்கா பாருங்க."

இளஞ்செழியன் டெஸ்டரோடு ஓடி வந்தான். செருப்புக் காலோடு நின்று கிரைண்டரின் உடம்பில் வைத்தான். பட்டப்பகலிலும் பளிச்சென்று எரிந்தது.

யாரோ ஓடிப்போய் மெயினை அமர்த்தினார்கள். பிளக்கைப் பிடுங்கினார்கள். சித்தி மார்பில் கை வைத்துக்கொண்டு, "நல்ல வேளை, நல்ல வேளை" என்று புலம்பினாள். "எப்படிடி தெரிஞ்சுது உனக்கு?"

ஷோபனா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் நேராக விழுந்தது. அங்கே ஒன்றுமில்லை. சதை மட்டும் நான்கு இடங்களில் குழிந்து, வெளுத்து, இன்னும் ஆழமாக அமுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வளையல் ஒன்று நெறுநெறுவென்று விரிசல் விட்டு, உடைந்து கீழே விழுந்தது.

"அதான் கரண்ட்டை அமத்தியாச்சே" என்றான் இளஞ்செழியன். "கையை இறக்கு ஷோபனா."

அவளால் இறக்க முடியவில்லை.